ஸ்லாவா அன்று வந்த விருந்தாளி

என்னைப் பேச அழைத்த பிழைக்கு இப்போதே வருந்தத் தொடங்கியிருக்கும் தலைவர், தலைமையாசிரியை தெசங்கா அவர்களே! முன்வரிசையில் முழங்கால் வலியோடு வீற்றிருக்கும் பாதிரியார் அவர்களே! என்னைவிட மூத்தோரே, அதாவது மிலெவா அம்மையே, நீங்கள் ஒருவர்தான்! பெற்ற தாய்மார்களே, அவர்கள் பிடித்திழுத்து வந்த தகப்பன்மார்களே! அனைவருக்கும் வணக்கம்.

இணையத்தில் பிள்ளைகளைக் காப்பது பற்றிப் பேச வேண்டுமாம். யார்? எழுத்தறியாத இந்த ரதோமிர்! ஏன்? ஊரிலேயே உயர்ந்த முட்டாள்தனம் என்னுடையது. தகுதி பார்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்!

என் பேத்தி கலினாவுக்குப் பதினொரு வயது. கைப்பேசி விளையாட்டில் அவளுக்கு ஒரு தோழி. மீலாவாம், அவளும் சின்னப் பெண்ணாம். வீடு எங்கே, வீடு எங்கே என்று விடாமல் கேட்டாள் மீலா. பள்ளியில் சொன்னபடி வாய் திறக்கவில்லை என் பேத்தி. படித்த பிள்ளை பூட்டிய கதவைப் படிக்காத கிழவன் திறந்தேன், ஐயா, அகலத் திறந்தேன்!

ஒரு நாள் கைப்பேசியை மேசையில் விட்டுவிட்டு அவள் கோழிக்குத் தீனி போடப் போனாள். அதிலிருந்து சிறுமிக் குரல்: "உங்க வீடு எங்கடி? சொல்லேன்!" குரலை மாற்றும் வித்தை இருப்பது எனக்கென்ன தெரியும்? எனக்குத் தெரிந்த ஒரே பொத்தான், பேசும் பொத்தான். அழுத்தினேன். "கண்ணு, நான் கலினாவோட தாத்தா. நிக்கோலஸ் புனிதர் நாள்தான் எங்க ஸ்லாவா. ஆலையைத் தாண்டினா பச்சை கேட்டு. குடும்பத்தோட வாங்க!"

ஸ்லாவாவுக்கு அழைப்பா என்று பின்னால் ஒருவன் சிரிக்கிறான். சிரி தம்பி! வீட்டுப் புனிதர் நாளான ஸ்லாவா விருந்துக்கு நம்மில் எவனாவது அழைப்பு வைப்பானா? தெரிந்தவன் தானே வருவான். வந்தவனை யாரென்று கேட்பதும் இல்லை. அழைக்கக் கூடாத நாளில் அழைத்தேன். கேட்க வேண்டிய ஆளைக் கேளாமல் விட்டேன்!

வந்தான். முன்பின் பார்த்திராத ஆள், நாற்பது வயது, கையில் ஒயின் புட்டி. இனிப்புக் கோதுமை கொடுத்தேன். கெண்டை மீனில் நடுத்துண்டு வைத்தேன். என் மகனுக்கே வால்தான்! உட்கார வைத்தது எங்கே? கலினாவின் பக்கத்தில்.

சற்று நேரத்தில் வாசற்படியிலிருந்து அவள் கூவினாள்:

"தாத்தா! இவரு மீலாவோட மாமாவாம். அவ வெட்கப்பட்டுக்கிட்டு கார்லயே இருக்காளாம், என்னை மட்டும் வரச் சொல்றாரு. ஸ்லாவா அன்னிக்கு யாராச்சும் விருந்தாளிய கார்ல விட்டுட்டு வருவாங்களா?"

மேசையே எழுந்து நின்றது. எனக்குப் புரிந்ததா? "ஐயோ பாவம், குளிருல பிள்ள!" என்று மீன் தட்டோடு ஓடினேன்! கார் காலி. இருக்கைக்கு அடியிலும் குனிந்து தேடினேன். பின்னாலேயே வந்தார் என் மகனின் ஞானத்தகப்பன் பிளகோயே.

"யோவ், பொண்ணே கிடையாதுய்யா! தட்டைக் கீழ வச்சிட்டு அந்தாளைப் புடி!"

பிடித்தோம். போலீஸ் வந்தது. ஆனால் ஆபத்து அதோடு போய்விட்டதா? இல்லை, சபையோரே! என் மகன் மிலுதின் மகளின் கைப்பேசியைப் பிடுங்கினான்.

"இனிமே இது உனக்குக் கிடையாது!"

அவள் அழவில்லை. "சரிப்பா. ஆனா அடுத்த தடவை நான் சொல்ல மாட்டேன்."

நின்றது அவன் கை. அந்த ஒரு வார்த்தையில், வந்தவனைவிடப் பெரிய பயத்தைக் கண்டோம். கைப்பேசி அவளிடமே திரும்பியது. பறிபோனது என்னுடையது! வீட்டில் தடை விதிக்கப்பட்ட ஒரே பிள்ளை, எழுபத்தெட்டு வயதில், நான்தான்.

தாய்மார்களே, தகப்பன்மார்களே! பிள்ளை நடுங்கிக்கொண்டு வந்து நின்றால் உங்கள் முதற்சொல் என்ன? "அப்பவே சொன்னேனே" என்பதா? "அதைக் குடு இங்க" என்பதா? பூட்டு வேண்டும், காவல் வேண்டும், சட்டமும் வேண்டும். ஆனால் வாசற்படியில் நின்று வாய்விட்டுக் கூவும் துணிவைப் பிள்ளைக்கு யார் தருவது? அடிக்கிற கை தருமா? அதட்டுகிற வாய் தருமா? "சொன்னியே, அது போதும்" என்னும் சொல்லல்லவா தரும்!

மூன்றாம் வரிசையில் ஒருத்தி, போதும் இறங்கு என்று கைகாட்டுகிறாள். அவள்தான் கலினா. சொன்னாள், அதனால் அங்கே உட்கார்ந்திருக்கிறாள். கேட்ட காதுகளுக்கெல்லாம் இந்தக் கிழவனின் நன்றி, வணக்கம்.