வரப்பில் கிடந்த நாற்று

பஞ்சாட்சரம்: ...அப்போ நாத்தெல்லாம் புடுங்கி முடி கட்டி வரப்புல போட்டுட்டு, நட மாட்டேன்னு உக்காந்துக்கினா இன்னாடி அர்த்தம் சிட்டம்மா?

சிட்டம்மாள்: கால் வலிக்குது ஆண்டே.

பஞ்சாட்சரம்: எல்லாருக்குமா?

சிட்டம்மாள்: சேந்து நடறவங்க. வலியும் சேந்துதான் வருது.

பஞ்சாட்சரம்: கொழுப்பு! இதெல்லாம் அந்த ஐசக்கு சொல்லிக் குடுத்தது. வாலாஜாபாத் ரைஸ் மில்லுல மூட்ட தூக்கினவன், சங்கம் கிங்கம்னு கத்துக்கினு வந்து...

சிட்டம்மாள்: அவனா! கொடி புடிச்சிக்கினு பிளாக்கு ஆபீஸ் வாசல்ல கத்தறான். காக்காதான் பறக்குது.

பஞ்சாட்சரம்: ஒனக்கே தெரியுதில்ல? அவன் எங்க போறான், எவங்கிட்ட பேசறான்... பின்னாடியே ஆள் வுட்டு வச்சிக்கீறேன்.

சிட்டம்மாள்: நல்லா பாக்கச் சொல்லுங்க.

பஞ்சாட்சரம்: இப்ப இன்னாதான் வோணும் ஒங்களுக்கு?

சிட்டம்மாள்: கெணறு. சர்க்காரு எங்க தெருவுக்குன்னுதான குடுத்துச்சி? நீங்க ஒங்க மாந்தோப்புல...

பஞ்சாட்சரம்: பிரசிடெண்டு நானா, நீயா? தோப்புல இருந்தா தண்ணி கசந்துடுமா? வந்து கேட்டா மொண்டு ஊத்தச் சொல்றேன்.

சிட்டம்மாள்: குட்டத் தண்ணியக் குடிச்சி எம் மவ அம்முலு வாந்திபேதில போனா. அன்னிக்கி மொண்டு ஊத்த எவன் வந்தான்? எனக்கு வயிறு இன்னும் எரியுது ஆண்டே.

பஞ்சாட்சரம்: ...செத்தவள இழுக்காத. நாளைக்கு ஜீப்புல ஆபீசர் வரச்சொல்ல, மொதக் குழி எங்க கீதோ அங்கதான் கெணறுன்னு எழுதிக்கினு போவாரு. சாயந்தரம் நல்ல நேரத்துல பூச போட்டு எந் தோப்புல கடப்பாரை எறக்கப் போறேன். அப்புறம் கத்துங்க!

சிட்டம்மாள்: வெயில் ஏறுது. நாத்து வாடுதே...

பஞ்சாட்சரம்: நீங்க இல்லன்னா ஒலகத்துல பொம்பளையே இல்லியா? விடியறதுக்கு முந்தியே பழையசீவரத்துக்கு வண்டிங்க அனுப்பிட்டேன். நடவு ஆளுங்க வந்துக்கினே கீறாங்க. இன்னா... மூஞ்சி செத்துப் பூட்ச்சி?

சிட்டம்மாள்: வண்டியா அனுப்பினீங்க...

பஞ்சாட்சரம்: பின்ன? போ, போயி ஐசக்குகிட்ட சொல்லி இன்னொரு கொடி தெச்சிக்கச் சொல்லு!

சிட்டம்மாள்: ஐசக்கு கத்தினது ஒங்க காதுக்குத்தான். நீங்க அவன் பின்னாடியே ஆள் வுட்டீங்க. பொம்பளைங்க நாங்க பழையசீவரம், சாலவாக்கம்னு ஒவ்வொரு தெருவா போயி பேசினத எவனும் பாக்கல.

பஞ்சாட்சரம்: பேசி? ...வண்டி இப்ப வந்துடும்டி!

சிட்டம்மாள்: அப்பவே வந்துட்ச்சி. கழனிக்கு எங்க தெருவத் தாண்டித்தான வரணும்? அங்கியே எறங்கிட்டாங்க. கொஞ்சம் காதக் குடுங்க... கேக்குதா? கடப்பாரை சத்தம். ஒங்க வண்டில வந்தவங்கதான் எங்க கெணத்தத் தோண்டறாங்க. நாங்க நல்ல நேரமெல்லாம் பாக்கல.