கேப்டனுக்கு இன்னும் ஒரு சீசன்

எனக்குப் பந்து பிடிக்க வராது சார். யாராவது எறிந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கூடைப்பந்து அணியில் புள்ளிவிவரக்காரனாகச் சேர்ந்த முதல் நாளே கேப்டன் அதைக் கண்டுபிடித்துவிட்டார். எறிந்தார். என் கண்ணாடி உடைந்தது.

"கால்குலேட்டருக்குக் கண்ணு எதுக்குடா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

அவருக்கு முப்பத்தேழு வயது. ஆட்டத்துக்கு இருபது புள்ளி எடுப்பார். அரங்கமே எழுந்து நிற்கும். அதே நேரத்தில் அவரைத் தாண்டி ஓடி எதிரணி எத்தனை எடுத்தது என்று யாரும் எண்ணவில்லை. நான் எண்ணினேன். இருபத்தாறு. 'கேப்டன் களத்தில் நிற்கும்போதுதான் நாம் பின்தங்குகிறோம்; ஓய்வு கொடுக்கலாம்' என்று கோச்சுக்கு மூன்று வருடம் எழுதிக் கொடுத்தேன். மூன்றாவது அறிக்கையை உடைமாற்றும் அறையில் அவரே சத்தம் போட்டுப் படித்தார். சுருட்டிக் குப்பைக்கூடைக்குள் எறிந்தார்.

"பாத்தீங்களாடா, இதுவும் உள்ள போயிருச்சு. இதையும் எழுதிக்கோ, கால்குலேட்டர்."

கோச் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் எழுதிக்கொண்டேன்.

பயிற்சியின்போது ஆட்டக்காரர்கள் மார்பில் ஒரு பட்டை கட்டுவார்கள். அது இதயத்துடிப்பை என் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். பட்டை நழுவினால் துடிப்பு கண்டபடி காட்டும். அந்த வரிகளை 'பட்டை பழுது' என்று நீக்கிவிட்டு மிச்சத்தை டாக்டருக்குக் கொடுப்பது என் வேலை. போன மாதம் கேப்டனின் துடிப்பு கண்டபடி காட்டியது. பட்டையை மாற்றினேன். மறுபடியும் காட்டியது. மூன்றாவது பட்டையிலும் அப்படியே. பட்டைகள் நன்றாகத்தான் இருந்தன சார்.

அந்த வாரமே அவர் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"மாடி ஏறினா மூச்சு வாங்குது தம்பி. உங்க அண்ணிகிட்டகூட சொல்லல. உன் கணக்கு என்ன சொல்லுது? போதும்னு நீ சொல்லு, இன்னைக்கே விட்டுடறேன்."

தம்பி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. என் கணக்கைக் கேட்டதும் அன்றுதான்.

"இன்னும் ஒரு சீசன் தாராளமா ஆடலாம் அண்ணே."

"உன்னை நம்பறேன்டா" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

டாக்டருக்குப் போன தாளில் பதினேழு வரிகளை நீக்கினேன். எல்லாம் பட்டை பழுது. கோச்சுக்குப் போன அறிக்கையில் 'கேப்டனை முழு நேரமும் ஆடவிடலாம்' என்று எழுதினேன். நான்கு வருடத்தில் நான் சொன்னதைக் கோச் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

சனிக்கிழமை ஆட்டத்தில் முப்பத்தோராவது நிமிடம். பந்தை எறியக் கையைத் தூக்கியவர் அப்படியே சரிந்தார். கையிலிருந்த பந்து துள்ளித் துள்ளி என் மேஜைக்கு வந்தது. பிடித்துவிட்டேன்.

அவரைக் கொன்றது நான்தான் சார், எழுதிக்கொள்ளுங்கள். கோபத்தில் செய்ததாக மட்டும் எழுதாதீர்கள். நான்கு வருடத்தில், நாலு பேர் முன்னால், அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது இருநூற்றுப் பதினான்கு தடவை. தேதி, நேரம், பக்கத்தில் யார் யார் நின்றார்கள் என்பதுவரை குறித்து வைத்திருக்கிறேன். ஒரு தடவைகூட எனக்குக் கோபம் வந்ததில்லை.