நட்சத்திரம் இட்ட வாழ்த்து

சொல்லின் வேர்வழி சென்று சுற்றம் கண்ட சுடரே! மாண்ட மொழிக்கு மறுவாழ்வு தந்த மாண்பே! எங்கள் துறைத்தலைவி அம்மையீர்! வணக்கம்.

எழுத்தையே காணாமல் மறைந்த தொல் இந்தோ-ஐரோப்பிய மொழியில் தாயை எப்படி அழைத்தார்கள், தமையனை எப்படி அழைத்தார்கள் என்று, அதன் கிளைமொழிகளை ஒப்பிட்டு ஒப்பிட்டு மீட்டெடுத்தீர்கள். மாமனாருக்கும் மாமியாருக்கும், கொழுந்தனுக்கும் நாத்தனாருக்கும், ஏன், ஓரகத்திக்கும்கூடச் சொல் தேறியது. புகுந்த வீட்டுப் பட்டாளமே வந்து நின்றது. மனைவி வீட்டாருக்கு மட்டும் திடமாக ஒன்றும் தேறவில்லை. "மாப்பிள்ளை முறுக்கு அப்பவே இருந்திருக்கு!" என்று நீங்கள் கேலி செய்ய வகுப்பே குலுங்கும்.

மீட்ட சொல் ஒவ்வொன்றின் முன்னும் நட்சத்திரக் குறி இடச் செய்தீர்கள். இருந்திருக்க வேண்டும், ஆனால் எவரும் கேட்டதில்லை என்பது அதன் பொருள். குறியிட மறந்தவர் உங்களிடம் தப்பியதில்லை. "காதால கேட்காததைக் கேட்ட மாதிரி எழுதாதீங்க" என்று வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் இங்கு யாருமில்லை.

நினைவு நழுவிய கணவரைத் தனியே விட மனமின்றி, இரண்டாண்டாகக் கைப்பிடித்துத் துறைக்கு அழைத்து வந்தீர்கள். சன்னலோர நாற்காலி அவருடையதாயிற்று. தேநீரை ஆற்றிக் கொடுப்பது எங்கள் வேலையாயிற்று. உங்களை ஒரு நாள் அக்கா என்பார், ஒரு நாள் சின்னம்மா, ஒரு நாள் டீச்சர். அவற்றையும் கிளைமொழிச் சொற்களைப் போல வரிசையில் வைத்துப் பார்த்தீர்கள். "எல்லாத்தையும் ஒப்பிட்டுட்டேன். ஒரு பொம்பளைங்கிற வரைக்கும் தேறுது, பொண்டாட்டி தேறல" என்று சிரித்தீர்கள். நாங்களும் சிரித்தோம். பிறகு அவருக்குத் தேநீர் ஆற்றத் திரும்பிக்கொண்டோம்.

பணி ஓய்வை வரமென்று பாட முயன்றோம்; கை ஓடவில்லை. இங்கே அம்மா என்றோம், மேடம் என்றோம், முதுகுக்குப் பின்னால் புயல் என்றோம். எல்லாம் உங்களை அறிந்து அழைத்த சொற்கள். நாளை முதல் அந்த வீட்டில் நீங்கள் இருவர்தான். உங்களை அறிந்து அழைக்க ஒருவரும் இல்லை. ஊருலகத்து உறவுக்கெல்லாம் சொல் கண்டவருக்கு இந்தக் கதியா என்று நெஞ்சு ஆறவில்லை, அம்மா!

நோயின்றி, நொடியின்றி, நெடுங்காலம் வாழுங்கள்! *ஒரு நாளாவது அவர் உங்களை உரிய முறை சொல்லி அழைக்கட்டும்! இந்தக் கடைசி வாழ்த்தின் முன்னால் நட்சத்திரம் இட்டிருக்கிறோம். இடாமல் விட எங்களுக்குத் துணிவில்லை.

கண் கலங்கி நிற்கும்
ஆசிரியர், ஆய்வாளர், அலுவலர் அனைவரும்,
மொழியியல் துறை