முதல் வெட்டே சுத்தம்

— அசையாதீங்க சார். புருவம் பிளந்து எலும்பு தெரியுது. இன்னும் ரெண்டு தையல் போட்டாத்தான் ரத்தம் நிக்கும்.

— என் புருவம் கிடக்கட்டும்மா. முதல்ல அந்த அலமாரியை இழுத்துக் கதவுல முட்டுக் கொடு.

— அலமாரியைச் சுவரோட சேர்த்து முடுக்கியிருக்கு. நீங்க சொல்லித்தான் முடுக்கினாங்க.

— சரி, பொறு. பொறுமையா இருப்போம். ஆபரேஷன் அறைப் பூட்டு, கெட்டியான பூட்டு. சாவி என் பையில பத்திரமா இருக்கு. போலீஸ் வந்துடும்.

— யார் கூப்பிட்டுப் போலீஸ் வரும்? நம்ம ரெண்டு பேர் போனும் வெளிய மேஜை மேல கிடக்கு. அந்த ஆள் உங்க மேல ஸ்டூலை வீசினப்பவே வாட்ச்மேன் எடுத்தார் பாருங்க ஓட்டம், இந்நேரம் அடுத்த ஊரைத் தாண்டியிருப்பார்.

— டேய் பெரிய டாக்டரு! உள்ள என்னடா குசுகுசுன்னு பேச்சு? கதவைத் திறடா! உன்னை இன்னைக்கு உரிச்சுத் தொங்கவிடாமப் போகமாட்டேன்!

— பார்த்தியா? எப்படி உதைக்கிறான் பாரு. இவனெல்லாம் மனுஷனா?

— அவர் தங்கச்சிக்குக் கண்ணு போயிடுச்சு சார்.

— புற்றுநோய்ல போச்சு. என்னாலயா போச்சு?

— உங்களாலதான். நம்மளாலதான். மூக்குப் பக்கத்துல நோய் இருந்துச்சு. ஒரு விரக்கடை தள்ளி, பழைய பருத் தழும்பு ஒண்ணு இருந்துச்சு. நீங்க தழும்பை வெட்டி எடுத்துட்டு நோயை உள்ள விட்டு அனுப்பிட்டீங்க. அது ஒரு வருஷமாத் தின்னுக்கிட்டே கண்ணு வரைக்கும் போயிடுச்சு.

— மெதுவாப் பேசு! அவன் காதுல விழப்போகுது.

— விழட்டுமே.

— என் தங்கச்சி தையல்காரிடா! ஊசியில நூல் கோக்க இப்ப என்னைக் கூப்பிடுறா! கோத்துக் குடுத்தா, துணி எங்க இருக்குன்னு தடவுறா! வெளிய வாடா!

— காலையில இவன் வந்து கேட்டப்ப நல்லபடியாத்தானே பதில் சொன்னேன்? மரியாதையா நாற்காலி போட்டு உட்காரவச்சுத்தானே சொன்னேன்?

— என்ன சொன்னீங்க? அதையும் திருப்பிச் சொல்லுங்க.

— நடந்ததைச் சொன்னேன்.

— "நர்ஸ் மார்க் பண்ணின இடத்துலதான் நான் வெட்டினேன்"னு சொன்னீங்க. நான் பக்கத்துலதான் நின்னேன். எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. மார்க் பண்ணினது நீங்க. பேனா உங்க கையில இருந்துச்சு.

— ஐயோ, வேணாம் தம்பி! அடிக்காதப்பா! நான் ஒண்ணும் பண்ணல!

— சார்... அது சிஸ்டரக்கா குரல்.

— நீதானே மார்க் பண்ணினவ? பெரிய டாக்டர் சொன்னாரே! வாங்கிக்கோ! இன்னொண்ணு வாங்கிக்கோ!

— ஐயோ கை! என் கை!

— சார், அக்காவைப் பிடிச்சுட்டான். கையில வச்சிருந்த கம்பியால அடிக்கிறான். சத்தம் கேட்குதா இல்லையா உங்களுக்கு? சாவியைக் குடுங்க.

— பொறு.

— என்ன பொறு? அடி விழுந்துக்கிட்டு இருக்கு!

— நாம வெளிய போனா மூணு பேருக்கும் விழும். இப்ப ஒருத்தரோட போகுது. கணக்குப் போட்டுப் பாரு.

— இப்படியும் ஒரு கணக்கா சார்?

— கூட்டம் இருக்கு வெளிய. காத்திருக்கிற நோயாளிங்க, அவங்க வீட்டு ஆளுங்க. யாராவது தடுப்பாங்க.

— பாதிப் பேர் மூக்குலயும் காதுலயும் கட்டுப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. நாம வெட்டின துண்டை உறையவச்சு மைக்ராஸ்கோப்ல பார்த்து, மிச்சம் இருக்கா இல்லையான்னு சொல்றதுக்காகக் காயத்தோட காத்திருக்காங்க. அவங்க வந்து தடுப்பாங்களா?

— டேய் டாக்டரு! கேட்குதா? நீ திறக்கிற வரைக்கும் இவளை விடமாட்டேன்! வெட்டினவன் வந்து நிக்கணும்! அப்பத்தான் இவளை விடுவேன்!

— கேட்டீங்களா? நீங்க போய் நின்னா விட்டுடுவான். "நான்தான்"னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான் கேட்கிறான்.

— அந்த ஒரு வார்த்தைக்கு அப்புறம் எனக்கு என்ன மிஞ்சும்? இருபத்தஞ்சு வருஷமாச் சேர்த்த பேரும்மா இது. வெளிய நிக்கிறவளுக்கு என்ன பேரு இருக்கு கெட்டுப்போக? வேலை போனா இன்னொரு ஆஸ்பத்திரியில சேர்ந்துக்குவா. நான் பார்த்துச் சேர்த்துவிடுறேன்.

— இதை நீங்களா சொல்றீங்க? என்னோட புராஜெக்ட்டுக்கு வழிகாட்டின நீங்களா?

— இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?

— வேற எப்பப் பேசணும்? சர்ஜன் சங்கத்துல கூப்பிட்டு, புதுசா வந்த சர்ஜனுங்களுக்குத் தலைமைப் பயிற்சி, ஆளுக்கொரு புராஜெக்ட், ஆளுக்கொரு பெரிய டாக்டர் வழிகாட்டின்னாங்க. எனக்கு நீங்க கிடைச்சீங்கன்னு அம்மாகிட்டப் போன் பண்ணிக் குதிச்சேன் சார். இப்ப நினைச்சா வெட்கமா இருக்கு.

— அந்த புராஜெக்ட் நல்லாத்தானே வந்துச்சு? நாளைக்குப் பரிசு குடுக்கப் போறாங்க.

— என்ன புராஜெக்ட் அது? உங்க வாயால சொல்லுங்க.

— ஐயோ அம்மா! சின்ன டாக்டர்! சின்ன டாக்டர், காப்பாத்துங்க!

— அக்கா! வர்றேன் அக்கா! தலையை மூடிக்கிட்டுக் கீழ உட்காருங்க! வந்துட்டேன்!

— கத்தாதே. நீ உள்ள இருக்கிறது தெரிஞ்சா உனக்கும் சேர்த்துத்தான்.

— வெட்டுறதுக்கு முன்னாடி நோயாளி கையில முகம் பார்க்கிற கண்ணாடியைக் குடுக்கணும். "எந்த இடம்னு நீங்களே விரலை வைங்க"ன்னு கேட்கணும். அறையில இருக்கிற யார் வேணா, தரை துடைக்க வந்தவங்ககூட, "நிறுத்துங்க"ன்னு சொல்லலாம். சொன்ன உடனே கத்தி கீழ போகணும். அதுதான் என் புராஜெக்ட். ஒரு வருஷமா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாப் போய்ச் சொல்லிக் குடுத்தேன். நீங்க பக்கத்துல நின்னு தலையாட்டினீங்க.

— நல்ல யோசனைதான். நான் இல்லைன்னு சொல்லலையே.

— அந்தத் தையல்காரி படுத்திருந்தப்ப, சிஸ்டரக்கா கண்ணாடியை எடுத்துக்கிட்டு வந்தாங்க. "நேரமாச்சு, வை அதை"ன்னீங்க. அக்கா "நிறுத்துங்க டாக்டர், இடம் அது இல்லைன்னு தோணுது"ன்னாங்க. என்ன பண்ணினீங்க?

— சிரிச்சேன்.

— சிரிச்சுக்கிட்டே வெட்டினீங்க. துண்டை மைக்ராஸ்கோப்ல வச்சா ஒரு துளி நோய்கூட இல்ல. "பார்த்தியாம்மா, முதல் வெட்டே சுத்தம்! கைன்னா இது கை!"ன்னு எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தீங்க. அப்பவும் அக்காதான் கேட்டாங்க: "ஒரு துளிகூட இல்லைன்னா, நோயை நாம வெட்டவே இல்லையோ டாக்டர்?"

— சில பேருக்கு முதல்ல சோதனைக்குன்னு பயாப்ஸி எடுக்கிறப்பவே நோய் மொத்தமும் வந்துடும். அப்ப முதல் வெட்டு சுத்தமாத்தான் இருக்கும். இது உனக்குத் தெரியாததா?

— தெரியும். அப்படி இருந்தா நின்னு யோசிக்கணும்னும் தெரியும். நீங்க டீ குடிச்சீங்க.

— நீயும்தான் குடிச்ச! நீயும்தான் இடுக்கியைப் பிடிச்சுக்கிட்டு ஊமை மாதிரி நின்ன! அன்னைக்கு வாயில என்ன கொழுக்கட்டையா?

— ஆமா, நின்னேன். உங்களைப் பார்த்துப் பயந்துக்கிட்டு நின்னேன். அதுக்கான செருப்படியை அப்புறம் நானே வாங்கிக்கிறேன். இப்பச் சாவியைக் குடுங்க.

— தரமாட்டேன்.

— இது காலு! நடக்க முடியாதபடி முறிச்சுட்டுத்தான் விடுவேன்! இதுவும் காலு! டாக்டரு, இன்னும் யோசிக்கிறியா?

— அம்மாஆஆ!

— சார், கெஞ்சிக் கேட்கிறேன். காலுல விழறேன். அந்த அம்மா உங்க டிபன் பாக்ஸைக் கழுவி வச்சவங்க. உங்க பொண்ணு கல்யாணத்துல ராத்திரி பகலா நின்னு வேலை பார்த்தவங்க.

— எழுந்திரு. என் காலை விடு. விடுன்னு சொல்றேன்ல!

— பைக்குள்ள கையை விடாதீங்க. சாவியை எடுத்து முஷ்டிக்குள்ள மறைக்காதீங்க. குடுங்க அதை!

— தள்ளிப் போ!

— குடுங்க!

— போடின்னா!

— ஆ!

— ஏய். ஏய், எழுந்திரும்மா. தள்ளினதுதான். நீ குழாய்ல போய் முட்டுவன்னு நான் நினைக்கல. நீயாத்தான் வந்து மேல விழுந்த.

— பல்லு ஆடுது சார்.

— பஞ்சை எடுத்து வச்சுக் கடி. நான் வேணும்னு பண்ணல. பொறுமையா இருன்னா கேட்டாத்தானே.

— பஞ்சு எடுக்கத்தான் தட்டுப் பக்கம் போறேன்.

— அது என்ன கையில?

— நீங்க இன்னைக்கு வெட்டுறதுக்காகப் பிரிச்சு வச்ச கத்தி. புது பிளேடு.

— விளையாடாதே. கீழ வை.

— முஷ்டியை விரிங்க.

— இந்தா பாரு, உனக்கு மூளை கலங்கிடுச்சு. தலையில அடிபட்டிருக்கு. உட்காரு.

— விரிங்க சார். சாவியை நான் எடுத்துக்கிறேன். உங்க மேல ஒரு கீறல் விழாது.

— நீ என்னை வெட்டமாட்ட. எனக்குத் தெரியும் உன்னை. நோயாளிக்கு ஊசி போடுறப்பவே உனக்குக் கண்ணு கலங்கும்.

— அக்கா சத்தம் நின்னுபோச்சு.

— என்ன?

— கேளுங்க. சத்தமே இல்ல. அடிக்கிற சத்தம் மட்டும்தான் கேட்குது. அக்கா கத்தல.

— மயக்கமா இருக்கும்.

— செத்துக்கிட்டு இருக்காங்க! விரிடா கையை!

— என்னையா டான்னு சொல்ற? நான் உனக்கு... ஆ! ஆஆ! அடிப்பாவி!

— சுவரோட சாய்ஞ்சுக்கோங்க. ஆட்டாதீங்க. ஆட்டினா ஆழமாப் போயிடும்.

— நிறுத்து! நிறுத்துன்னு சொல்றேன்! நிறுத்தும்மா!

— அக்காவும் அன்னைக்கு இதைத்தான் சொன்னாங்க.

— இது என் வலது கை! இந்தக் கையாலதான் நான் வெட்டுறேன்! நான் வேற என்ன பண்ணுவேன்? எனக்கு வேற எதுவும் தெரியாதே!

— தெரியும் சார்.

— சாவியை எடுத்துக்கோ! எடுத்துக்கோ, குடுத்துடுறேன்! விரிக்க முடியல, நீயே எடுத்துக்கோ!

— விரல் பிடிச்சுக்கிட்டு இருக்கு. மணிக்கட்டுல இந்தத் தசைநாரை அறுத்தா விரல் தானா விட்டுடும். நீங்க சொல்லிக் குடுத்ததுதான்.

— வேணாம்... வேணாம் தாயே... ஆஆஆ!

— விட்டுடுச்சு.

— விரல்... விரல் மடங்கமாட்டேங்குது. ஏய், என் விரல் மடங்கலைடி!

— துணியை வச்சு அழுத்திக்கோங்க. இடது கையால. இறுக்கமா. அக்கா! அக்கா, திறக்கிறேன்! தம்பி, கம்பியைக் கீழ போடுங்க! வெட்டினது இவர்தான், நர்ஸ் இல்ல! எல்லாரும் கேளுங்க, நான் பக்கத்துல நின்னேன், நான் சாட்சி!

— சீக்கிரம் திறங்க டாக்டரம்மா!

— சாவி வழுக்குது... ரத்தம்... திறந்துடுச்சு. அக்கா எங்க? எங்க அக்கா? தள்ளுங்க எல்லாரும்!

— இங்க இருக்கேன்.

— எங்க அடி? கையைக் காட்டுங்க. காலு? தலையில பட்டுச்சா? உட்காருங்க, நிக்காதீங்க. ஏன் நிக்கிறீங்க? காலை முறிச்சுட்டான்னு...

— டாக்டரம்மா, நான் இவங்களைத் தொடல.

— நீ பேசாதே! அக்கா, சட்டையில ரத்தம் எதுவும் காணோமே. எங்க அடிபட்டுச்சுன்னு சொல்லுங்களேன்!

— பெஞ்சுல கிடந்த மெத்தையைத்தான் அடிச்சேன். இவங்கதான் உண்மையைச் சொல்லி, என்னைப் பிடிச்சு நிறுத்தி, "நீ அடி, நான் கத்துறேன், அப்பவாவது அந்த மனுஷன் வெளிய வந்து ஒத்துக்கறாரா பார்ப்போம்"னாங்க. தொண்டை கட்டிப்போற வரைக்கும் கத்தினாங்க.

— ஆமா சின்ன டாக்டர், என் மேல ஒரு அடிகூட விழல... ஐயோ, உள்ள சுவர் ஓரமா அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு ஏன் அப்படி அழறாரு, என்ன பண்ணிட்டு வந்தீங்க நீங்க?