ரோஸ்மேரி மறித்த ஜீப்

லுணுகலையிலிருந்து பதுளைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மூத்தவர் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தார்.

"தண்ணிக் கொழாய் கேட்டு, தோட்டத்துத் தொரையோட ஜீப்ப மறிச்சவ நானு. புத்தகத்துல ரோஸ்மேரி மறிச்சான்னு இருக்கு!"

"யாருக்கா எழுதுனது?"

"நம்ம லயத்து வீட்டுப் புள்ளதான். இப்ப கேம்பஸ்ல சமூகவியல் புரொபசர். நம்ம சனங்களப் பத்தியே ரெண்டு புத்தகம் போட்டிருச்சு. ஏன்டி இப்பிடிப் பண்ணுனேன்னு போன்ல கேட்டேன். 'ஆராய்ச்சியில நெசப் பேரு போடக்கூடாது அத்தை, மனசுல வந்த பேரப் போட்டேன்'ங்குது. அடுத்த வீட்டு ரோஸ்மேரி என்னடான்னா, சர்ச்சுக்கு வர்றவங்ககிட்டயெல்லாம் புத்தகத்தத் தொறந்து காட்டுறா."

"அதுக்கு இப்ப எங்க போறீங்க?"

"அடுத்த புத்தகத்துக்குக் கதை கேக்க அது பதுளைக்கு வந்திருக்கு. ரோஸ்மேரி கோழி திருடிக் கொழம்பு வச்ச கதையச் சொல்லப்போறேன்."

இளையவர் கொஞ்சம் யோசித்தார்.

"அதுலயும் பேர மாத்தித்தானேக்கா போடுவாங்க? ஒங்க பேரு வந்துட்டா?"

பஸ் இன்னும் பாதி வழியிலிருக்கும் பசறையைக்கூடத் தாண்டவில்லை. மூத்தவர் எழுந்துபோய் மணியை அடித்தார்.