மூணாம் நம்பர் புல்லு

ஹலோ... ஹலோ! ஐயோ, மறுபடியும் மியூசிக் போட்டுடாதீங்க சார், இருபது நிமிஷமா அதையேதான் கேட்டுட்டு இருக்கேன்... ஆமா, ஆமா, செயற்கைப் புல்லு கடைதானே? போன வாரம் உங்க ஆளுங்க வந்து பின்பக்கம் விரிச்சிட்டுப் போனாங்களே, அந்த வீட்லேர்ந்துதான் பேசறேன்.

...கிழியலை. சாயமும் போகலை. பந்து உருள மாட்டேங்குது சார்!

...என்ன பந்தா? கோல்ஃப் பந்து. எங்கப்பா வீட்லயே தட்டித் தட்டிக் குழியில போடணும்னுதானே வாங்கினோம்... ஆமா, பத்தடி நீளம். பாதியிலயே நின்னுடுது... என்னது, ஓங்கி அடிக்கச் சொல்லணுமா? சார், அவருக்குப் பக்கவாதம் வந்து நாலு மாசம் ஆகுது. இடது கை இப்பத்தான் கொஞ்சம் கொஞ்சமா...

ம்... ம்... சரி, உங்களுக்கு எப்படித் தெரியும், விடுங்க.

கைக்குப் பயிற்சி பண்ணச் சொல்லி ஆஸ்பத்திரியில குடுத்த ரப்பர் பந்தைத் தொடவே மாட்டேன்னுட்டார். கோல்ஃப் மட்டையைக் குடுத்தா மட்டும்தான் நாற்காலியை விட்டு எழுந்திரிப்பார். அதுக்குத்தான் சார் இந்தப் புல்லே. நாலு நாள் அடிச்சுப் பார்த்தார். அஞ்சாம் நாள், "என் கை அவ்வளவுதாம்மா"ன்னு மட்டையைக் கொண்டு போய்க் கதவுக்குப் பின்னாடி சாத்திட்டார். கை இல்லை சார், புல்லு! நான் அடிச்சாலும் நின்னுடுதே! ரெண்டு கையும் நல்லா இருக்கிற எனக்கே!

...சொன்னேன். சொல்லாம இருப்பேனா? "எனக்காக வேணும்னே மெதுவா அடிக்கறே"ங்கறார்.

...சாம்பிளா? ஆமா, நாலு துண்டு அனுப்பினீங்க... ஆமா, நான்தான் பார்த்து எடுத்தேன்... மூணாம் நம்பர்... என்ன? ரெண்டாம் நம்பர்தான் பந்து உருட்டறதுக்கா? குட்டையா, சொரசொரன்னு, கால்மிதி மாதிரி இருந்துச்சே, அதுவா? ...லேபிள்லயே எழுதியிருந்துச்சா?

உள்ளங்கை அளவு துண்டு சார், அதுல எந்தப் பந்தை உருட்டிப் பார்க்கறது! கையால தடவித்தான் பார்த்தேன். கன்னத்துலகூட வெச்சுப் பார்த்தேன்... சிரிக்காதீங்க. மூணாவதுதான் மெத்துனு இருந்துச்சு. அவர் தடுமாறி விழுந்தா அடிபடக் கூடாதேன்னு... விழறதைப் பத்தியே யோசிச்சேன், பந்தைப் பத்தி யோசிக்கவே இல்லை. என் புத்தியைச் செருப்பாலதான் அடிக்கணும்.

சரி, ரெண்டாம் நம்பரை எப்ப போடுவீங்க? ...மூணு வாரமா? விளையாடறீங்களா? மூணு வாரத்துல மனுஷன் கட்டிலோட கட்டிலா ஆயிடுவார் சார்! ...கத்தலை. கத்தலைங்க... ஆமா, கத்தினேன், மன்னிச்சுக்குங்க.

...என்ன? ஹால்லயா? வெறும் டைல்ஸ் மேலயா? ...இப்பவா? அவரையே அடிக்கச் சொல்லவா? ...சரி. சரி. இருங்க, கட் பண்ணிடாதீங்க.

அப்பா! அப்பா, கொஞ்சம் எழுந்திரிங்க... புல்லுக் கடைக்காரர்ப்பா... தெரியும், இனிமே வேணாம்னீங்க, ஒரே ஒரு தடவை... வெளியில இல்லை, இங்கேயே, தரையிலதான்... உங்க கை மேல தப்பு இல்லப்பா, புல்லை எடுத்தவ நான்! வீம்பு பிடிக்காதீங்க. எனக்கும் அலுத்துப் போச்சு, தெரியுமா? ...இந்தாங்க மட்டை. இடது கையும் சேர்த்துப் பிடிங்க... ம்... அடிங்க.

...சார், இருக்கீங்களா? அடிச்சிட்டார்... போகுது சார்... மேஜையைத் தாண்டிப் போகுது... சுவத்துல மோதி சோபாவுக்கு அடியில போயிடுச்சு! ...அவரா? கையைப் பார்த்துட்டு நிக்கறார்.

அப்பா, எங்க போறீங்க? பந்தை நான் எடுத்துத் தரேன்... குனியாதீங்கப்பா... குனியாதீங்கன்னு சொல்றேன்ல! சார், வைக்கறேன்!