பதினாலு மூட்ட சாமி மண்ணு

...அதான் கேக்கறேன், இந்த வூட்டு மேல இன்னா கொற கீது, நீயே சொல்லும்மா. ரெண்டு ரூமு, ஒரு ஹாலு, கெழக்கு பாத்த வாசலு. மேல அந்த ஜன்னலத் தொறந்தின்னா நெம்மேலி பக்கத்துலேர்ந்து கடக்காத்து நேரா உள்ள வரும், ஃபேனு கூட வாணாம். முருகன் கோயிலு நடக்கற தூரம். உங்க வூட்டுக்காரரு கம்பெனி பஸ்ஸு தெரு முனையிலயே நிக்குது. ஆனா பாரு, நாலு மாசமா காலியா கீது. ஆறு பேரு வந்து பாத்தாங்க. ஆறு பேரும் "வூட்ல கேட்டுட்டு சொல்றோம்"னு பூட்டாங்க. இன்னும் கேட்டுகினே கீறாங்க போல.

பாப்பா, மாடிப்படி கீழ போவாத கண்ணு. அங்க... அங்க பூன குட்டி போட்டுகீது, பிறாண்டிரும். இப்டி வந்து குந்து.

இன்னா வயசும்மா கொழந்தைக்கு? மூணா? நல்ல சுட்டி. இன்னா சொல்லிகினு இருந்தேன்... ஆங், புரோக்கரு. திருவேங்கடம்னு ஒருத்தரு, உங்கள இட்டாந்து வுட்டுட்டு டீ குடிக்க பூட்டாரே, அவுருதான். அவுரு இன்னா சொல்றாருன்னா, "தர்மராஜ் அண்ணாத்த, நீ வூட்டக் காட்டு, வாயத் தொறக்காத"ங்கறாரு. எப்டி இருக்கும் எனுக்கு? முப்பத்தோரு வருசம் மறைமலைநகர் ஃபேக்டரில மிசினு சத்தத்துல வேல பாத்தவன் நானு. பக்கத்துல நிக்கறவன் கூட நான் பேசறது கேக்காது. அத்தினி வருசம் அடச்சி வச்சதெல்லாம் ரிட்டையரு ஆனப்புறம் கொட்டிகினு கீது. எங்கூட்டுக்காரி பூங்கொடி சொல்லுவா, "உன் பென்ஷன வுட உன் பேச்சுதான் மாசாமாசம் கரெக்டா வருது"ன்னு. இப்ப அவளும் இல்ல. ஐயோ, அப்டி பாக்காதம்மா, நல்லாத்தான் கீறா. செங்கல்பட்ல தங்கச்சி வூட்ல கீறா. சொம்மா... ரவ நாளு இருந்துட்டு வரலாம்னு.

தண்ணியா? தண்ணிக்கு இன்னா. கேனு தண்ணி ஆட்டோ தெனமும் வருது. கெணறும் கீது, அதோ. மூடி கீது, ஆமா, எல அல்லாம் வுழுதுல்ல, அதுக்கு. அத்த அப்பால சொல்றேன்.

இதுக்கு முன்ன மேல இருந்தவரு நரசிம்மன்னு ஒரு சாரு. கல்பாக்கம் பக்கம் அணு ஆராய்ச்சில வேல. சத்தமே வராது அந்த மனுசங்கிட்டேர்ந்து. படி ஏறச் சொல்ல கூட பூன மாதிரி ஏறுவாரு. அவரு வந்த வருசம் ஐப்பசி மழ வுட்டுதா, வூட்ல ஒண்ணு ஒண்ணா பேஜாராவ ஆரம்பிச்சிது. மொதல்ல துளசி கருகிச்சி. சரி, துளசிதான, வேற வைக்கலாம்னு வச்சேன், அதுவும் கருகிச்சி. அப்பால முருங்க எலைய கொட்டிகினு மொட்டையா நின்னுச்சி. அப்பால நாட்டுக் கோழி அஞ்சு, வரிசையா. எனுக்கு மண்ட கொழம்பிப் பூட்ச்சி. பக்கத்து வூட்டு செப்டிக் டேங்குன்னேன். அவுங்க கூட சண்ட. கீழ உப்புத்தண்ணி ஏறிடுச்சின்னேன். கடைசில ஒரு நாளு அறிவு வந்துச்சி எனுக்கு, அறிவு. நரசிம்மன் சாரு ஷூவுதான் காரணம்னு கண்டுபுடிச்சேன்.

சிரிக்காத. நெசமாத்தான். ஆபீஸ்லேர்ந்து ஷூவுல எதோ ஒட்டிகினு வருது, அத்த வாசல்ல தட்டறாரு, அதான் துளசி சாவுதுன்னு தெருவுல நாப்பது வூட்லயும் சொன்னேன். பால்காரன் கிட்ட கூட சொன்னேன். அவுரு கிட்டயே நேரா போயி, "சார், ஷூவ தெரு முனையில கழட்டிட்டு வாங்க"ன்னேன். அந்த மனுசன் கோவப்படல. ரெண்டு மாசம் வெறுங்காலோட நடந்து வந்தாரும்மா, கையில ஷூவ புடிச்சிகினு. இப்ப நெனச்சா எனுக்கே என்ன ரெண்டு அப்பு அப்பலாம்னு வருது.

ஏன் பூட்டாருன்னு கேக்கறியா? அவுங்க சம்சாரம் மாசமா இருந்தாங்க... அதான். வேற ஒண்ணும் இல்ல. இரு, இரு, கெளம்பாத, மொதல்லேர்ந்து சொன்னாத்தான் புரியும்.

நான் பொறந்தது இங்க இல்லம்மா, கோலாரு தங்கவயலு. எங்க தாத்தா இந்தப் பக்கத்து ஆளுதான், பொழைக்கப் போனாரு. எங்கப்பாரும் அங்கியே சுரங்கத்துல. தங்கவயலுன்னா ஊரே மின்னும்னு நெனப்பாங்க. நாங்க தங்கத்த கண்ணால பாத்ததில்ல, மண்ணத்தான் பாத்தோம். கல்ல வெட்டி, மாவா அரச்சி, சைனைடு போட்டு தங்கத்த உறிஞ்சிட்டு, மிச்சத்த அப்டியே வெளிய கொட்டுவாங்க. எத்தினியோ வருசமா கொட்டி கொட்டி, ஊர சுத்தி மல மலையா கீது. சைனைடு மேடும்போம். சாம்ப கலரா, நைசா, கோலமாவு மாதிரி இருக்கும். ஒரு புல்லு மொளைக்காது. ஆடி மாசம் காத்து அடிச்சா சோத்துல அதான், தலவாணில அதான். மழ பேஞ்சா மேட்டுலேர்ந்து தண்ணி எறங்கும், அது போற கொல்லையில ராகி வராது. சுரங்கத்த மூடி இருவது வருசத்துக்கு மேல ஆச்சி. தங்கத்த எடுத்தவன் எங்க கீறானோ தெரியாது. மேடு மட்டும் அங்கியே கீது.

நாங்க புள்ளைங்கள்ளாம் தகரத்துல குந்திகினு அந்த மேட்டு மேலேர்ந்து சறுக்குவோம். எங்கப்பாரு பாத்தா பெல்ட்ட உருவுவாரு. "அது மண்ணு இல்லடா, வெஷம்டா"ம்பாரு. அவுரு அம்பத்திரண்டு வயசுல இருமி இருமியே பூட்டாரும்மா. சுரங்கத்துக்குள்ள மூச்சுல இழுத்த தூசி பாதி, வெளிய வந்து இழுத்த தூசி பாதி.

பாப்பா எங்க? ஆங், வாசல்ல கீறா. சரி.

எங்க குலசாமி முனீஸ்வரன் அந்த மேட்டு அடிவாரத்துலதான் கீறாரு. வருசா வருசம் பொங்க வைக்க போவோம். பங்காருப்பேட்ட வரைக்கும் ரயிலு, அங்கேர்ந்து பஸ்ஸு, பூங்கொடிக்கு முட்டி வலி வேற. "சாமி எடத்துலேர்ந்து புடி மண்ணு எடுத்தாந்து இங்கியே ஒரு பீடம் கட்டிக்கலாம்"னா அவ. ஊரு வுட்டு ஊரு வந்தவங்க செய்யறதுதான? ஒரு புடி மண்ண மஞ்சத் துணில முடிஞ்சி எடுத்தாந்தா, சாமியும் கூட வந்துரும். ஒரு புடி. அவ சொன்னது அவ்ளோதான். நானும் போயி, மூணு வருசம் ஆவுது, எடுத்தாந்து, கெணத்தாண்ட இடுப்பு ஒசரத்துக்கு பீடம் கட்டி, உள்ள அந்த மண்ண ரொப்பி, மேல கல்ல நட்டு, படையல் போட்டேன். வந்தவங்களுக்கு அல்லாம் அந்த மண்ணையே துன்னூறுன்னு நெத்தில இட்டேன். நைசா இருக்குதேன்னு பொட்டலம் கட்டி வேற குடுத்தேன். நாலு பேருக்கு நெத்தி தடிச்சிடுச்சி. "சாமி வேகமான சாமி"ன்னேன் நானு. அவுங்களும் நம்பிட்டாங்க. இப்ப சாமிய முன்னாண்ட வேப்பமரத்துக்கு மாத்திட்டேன், பாத்தியா வரச் சொல்ல? பூசாரி கிட்ட கேட்டுதான் மாத்தினேன். அவுரு, "முனீஸ்வரனுக்கு கல்லு போதும்யா, மண்ணு எதுக்கு"ன்னுட்டாரு. அப்ப அந்த மண்ணு எங்கன்னு கேப்ப... அது...

ஏய், பாப்பா! வாணாம், கைய எடு, கைய எடு கண்ணு. வாயில வைக்காத. ம்மா, புடி அவள, அந்தக் கைய புடிச்சிக்கோ, வாயில வைக்க வுடாத. ஐயோ சாமி.

பூன இல்லம்மா. பூனையும் இல்ல, குட்டியும் இல்ல. மாடிப்படி கீழ கீறது அந்த மண்ணுதான். தார்ப்பாய் போட்டு மூடித்தான் வச்சேன், பெருச்சாளி மூட்டைய கடிச்சி கொட்டி வச்சிகீது. இன்னாம்மா பாக்கற? ஆமா, மூட்ட. ஒரு புடி இல்ல. பதினாலு மூட்ட.

சொல்லிடறேன், கைய மட்டும் வுட்டுராத. அந்த மேட்டுல இன்னும் தங்கம் மிச்சம் கீதுன்னு பேப்பர்ல படிச்சேன். மறுபடி அரிச்சி எடுக்கப் போறாங்கன்னு போட்டிருந்தான். படிச்சதுலேர்ந்து தூக்கம் வரல எனுக்கு. ஒரு புடிக்கு போன எடத்துல, ஜெயக்குமாருன்னு ஒரு சிநேகிதன், அவன் லோடு வண்டிய இட்டுகினு போனேன். வாச்மேன் கேட்டாரு, "சாமிக்கு"ன்னேன். "அவ்ளோ பெரிய சாமியா"ன்னாரு. பூங்கொடி கிட்டயும் பீடத்துக்குன்னுதான் சொன்னேன். பீடத்துக்கு நாலு மூட்ட. மீதி பத்து மூட்டைய கெணத்தடியில வச்சி, இரும்புச் சட்டில போட்டு, அவ கோயிலுக்கு போற செவ்வாக்கெழம அல்லாம் கெணத்துத் தண்ணிய எறச்சி ஊத்தி அரிச்சேன். அரிச்ச தண்ணி எங்க போவும்? கெணத்துக்குள்ளதான் போவும். இன்னா கெடச்சிது தெரியுமா? ஒரே ஒரு தபா சட்டி அடில மின்னுச்சி. ஓடிப் போயி கேட்டுக்கு தாப்பா போட்டுட்டு வந்தேன். எடுத்துப் பாத்தா, பூங்கொடி ரெண்டு வருசம் முன்ன தொலச்ச மூக்குத்தி திருகாணி.

நரசிம்மன் சாருதான் ஒரு பாட்ல்ல தண்ணியும் ஒரு கவர்ல மண்ணும் எடுத்துகினு போயி, சொந்த செலவுல டெஸ்ட்டு பண்ணியாந்தாரு. ஆர்சனிக்காம். பாஷாணம்மா. சைனைடு கூட வெயில்ல காத்துல போயிடுமாம், இது போவாதாம். அந்தத் தண்ணியத்தான் அவுரு மாசமா இருந்த சம்சாரம் குடிச்சிது. என் பூங்கொடி குடிச்சா. அந்தாளு என்ன ஒரு வார்த்த கேக்கல. "கெணத்த மூடிடுங்க சார், சத்தம் போடாம செஞ்சிக்கலாம்"னாரு. கெணத்த மூடி, பீடத்து மண்ணையும் அரிச்ச மண்ணையும் அள்ளி மறுபடி மூட்ட கட்டித்தான் படி கீழ வச்சேன். காலி பண்ணச் சொல்ல கூட, ஒரு மனு எழுதி வச்சிட்டுப் போனாரு. அத்த மாசு கட்டுப்பாட்டு ஆபீஸ்ல குடுத்தா ஆளுங்க வந்து இந்த மண்ண எடுத்துகினு போயி, வெஷக்கழிவ பொதைக்கற எடத்துல பொதைப்பாங்களாம். நான் ஒரு கையெழுத்து போடணும், அவ்ளோதான். எங்கேர்ந்து வந்துது, யாரு கொண்டாந்தாங்க, எத்தினி மூட்ட... அல்லாம் என் பேர்ல. ஆளுங்க மாஸ்க்கு போட்டுகினு வண்டில வந்து எறங்கினா தெரு சொம்மா இருக்குமா? ஷூவு மேல பழி போட்டவன் மூஞ்சிய எங்க வச்சிப்பான்? அதான் நாலு மாசமா போடல. இன்னான்னமோ பண்ணிப் பாத்தேன். குப்ப வண்டிக்காரன் எடுக்க மாட்டேன்ட்டான். ஜெயக்குமாரு போனையே எடுக்கறதில்ல. ஏரில கொட்டிரலாம்னு ரெண்டு மூட்டைய டிவிஎஸ் வண்டில வச்சி எடுத்துகினு கூட போனேன். கரையில எரும தண்ணி குடிச்சிகினு இருந்துச்சி. அப்டியே திருப்பிகினு வந்துட்டேன்.

இரும்மா, கேனு தண்ணி கொண்டாறேன், மொதல்ல கைய கழுவலாம். கொழாயத் தொறக்காத, கொழாயில வர்றதும் கெணத்துத் தண்ணிதான். சோப்பு எங்க வச்சா இவ... நீ பேசிகினே இரும்மா, கேக்குது எனுக்கு... வாயில வைக்கலதான? நெகத்துக்குள்ள பாத்தியா? நெகத்துல நிக்கும் அது, எங்கப்பாரு எங்களுக்கு நெகம் வளக்கவே வுட மாட்டாரு... இந்தா வந்துட்டேன், நல்ல தண்ணி, ரெண்டு கையையும் நீட்டு பாப்பா...

ம்மா?

கேட்டு தொறந்து கீது.

...ஹலோ. பூங்கொடி, நான்தான். ஆமா, ஏழாவது ஆளும் பூட்டாங்க. இல்ல, இல்ல, சொன்னேன். சத்தியமா சொன்னேன். எப்பவா? நீ கேட்டு வாங்கின சத்தியம் அப்டியே ஞாபகம் கீதுடி, வர்றவங்க கிட்ட வூட்டுக்குள்ள இட்டாறதுக்கு முன்னயே சொல்லிரணும்னு. ஆறு பேரு கிட்ட அப்டித்தான் சொன்னேன். இந்த தபா... புரோக்கரு வாய மூடுன்னாரு. நானும், வூட்ட புடிச்சிருக்குன்னு சொல்லட்டும், அப்பால சொல்லிக்கலாம்னு... தங்கவயலு கத, சாமி கத, அல்லாத்தையும் சொன்னேன். அத்த மட்டும் சொல்லல. அந்தக் கொழந்த போயி கைய வச்சப்புறம்தான் சொன்னேன். மூணு வயசு, பூங்கொடி. பூன கீதுன்னு வேற சொல்லி வச்சேன் பாரு. எந்தக் கொழந்த பூனைய பாக்காம வரும்?

இல்ல, வாயில வைக்கல. பாத்தேன். வைக்கலன்னுதான் நெனைக்கறேன்.

நீ இப்ப வராத. வா வான்னு தெனம் நச்சரிச்சேன்ல, இப்ப நானே சொல்றேன், வராத. ஆபீஸ் ஆளுங்க வந்து மண்ண அள்ளிகினு போவட்டும், கெணத்துக்கு ஒரு வழி பண்ணட்டும், அப்பால வா. ஆமா, தெருவே பாக்கட்டும். நரசிம்மன் சாருக்கும் நானே போன் போட்டு சொல்றேன், அந்த நாப்பது வூட்டுக்கும் நானே போறேன். ஒளறுறதுக்கு போன காலு, இதுக்கும் போவட்டும். மனு அலமாரிலதான் கீது, கையில எடுத்துட்டேன்.

பேனா எங்க வச்ச நீ? ...டிவி மேலயா? அங்க இல்லியே.